ஆணையிடுவோர் இல்லாத தீவுகளில் சட்டம்

சட்டம் என்பது எது என்ற கேள்விக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து தந்த விடை மிகத் தெளிவானது. ஜான் ஆஸ்டின் 1832இல் நூலாக வெளியிட்ட சட்டவியல் விரிவுரைகளில், இறைமை பெற்ற ஒருவரோ ஓர் அவையோ தமக்குப் பணிந்து வாழும் மக்களுக்கு இடும் ஆணையும், அதை மீறுவோர்மீது விழும் தண்டனையும் சேர்ந்ததே சட்டம் என்றும், அந்த ஆணை நல்லதா தீயதா என்பது முற்றிலும் வேறான விசாரணை என்றும் வரையறுத்தார். அவருக்கு முன்னோடி ஜெரமி பெந்தம். சட்டத்தை அறத்திலிருந்து பிரித்து, மனிதர் விதித்ததை மட்டுமே சட்டமாகக் கொள்ளும் இக்கோட்பாட்டைச் சட்ட நேர்க்காட்சிவாதம் என்பர். இந்தியாவில் சட்டத் தொகுப்புகளை இயற்றிய ஆங்கில அதிகாரிகள் பலர் இதைப் படித்து வளர்ந்தவர்கள் என்பதால், லண்டனில் ஒரு கொள்கையாக இருந்தது கல்கத்தாவில் ஆட்சிமுறையாகவே மாறிற்று.

இதற்கு மறுப்பாக எழுந்த கொள்கைகள் ஒன்றல்ல. மனிதர் இயற்றும் சட்டத்துக்கு மேலாக, பகுத்தறிவாலோ இறைநம்பிக்கையாலோ உணரத்தக்க ஓர் அறநெறி உண்டு என்றும், அதற்கு மாறான ஆணை சட்டத்தின் பெயரைத் தாங்கினும் அதன் தகுதியைப் பெறாது என்றும் கூறுவது இயற்கைச் சட்டக் கொள்கை. பாண்டியன் அவையில் கண்ணகி எழுப்பிய வழக்கை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிய எண்ணமன்று. சட்டம் ஒரு மக்கள் கூட்டத்தின் வழக்கங்களிலிருந்து மெல்ல வளர்வது, அரசன் அதைக் கண்டெடுக்கலாமேயன்றிப் படைக்க முடியாது என்பது ஜெர்மனியின் சவினியும் இங்கிலாந்தின் ஹென்றி மெய்னும் முன்வைத்த வரலாற்று நெறி. ஏட்டிலுள்ள விதி எதுவாயினும் மக்கள் தம் அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் உண்மையாகக் கடைப்பிடிப்பதே சட்டம் என்பது ஆஸ்திரியாவின் ஓய்கன் ஏர்லிக் 1913இல் விளக்கிய வாழும் சட்டக் கொள்கை.

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இவை வாதங்களாக இருந்தன. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளிலோ இவை மனித உயிர்களின்மீது சோதிக்கப்பட்டன. ஒருபுறம், ஒரே அதிகாரியின் சொல்லே சட்டமாக இயங்கிய தண்டனைக் குடியேற்றம்; மறுபுறம், ஆணையிடும் தலைவனே இல்லாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஒழுங்குடன் வாழ்ந்த மக்கள். இவ்விரண்டும் ஒரே கடற்பரப்பில் எதிர்கொண்ட வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்போருக்கு, ஆஸ்டினின் விடை ஆள்வோருக்கு எவ்வளவு வசதியானதோ அவ்வளவு குறையுடையது என்பதும், அதற்கு மாற்றாக வந்த கொள்கைகள் ஒவ்வொன்றும் தமக்குரிய விலையைக் கேட்பவை என்பதும் ஒருசேரப் புலப்படும்.

1858ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், முந்தைய ஆண்டின் பெருங்கிளர்ச்சியில் தண்டனை பெற்ற 200 கைதிகளுடன் மருத்துவர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் போர்ட் பிளேர் துறைமுகத்தில் வந்திறங்கினார். ஆக்ரா சிறையை நிர்வகித்த அனுபவம் கொண்ட அவருக்கு நீதிபதி, சிறையதிகாரி, ஆளுநர் ஆகிய மூன்று பொறுப்புகளும் ஒருங்கே வழங்கப்பட்டிருந்தன. காட்டைக் கடந்தால் பர்மாவுக்கு நடந்தே போய்விடலாம் என்று நம்பிக் கூட்டங் கூட்டமாகத் தப்பியோடிய கைதிகளுள் பலர் அந்தமானியரின் அம்புகளுக்கு இரையாயினர்; எஞ்சியோர் பசியாலும் காயங்களாலும் நலிந்து குடியேற்றத்துக்குத் திரும்பியும் பிடிபட்டும் வந்தபோது, அவர்களுள் 80க்கு மேற்பட்டோரை வாக்கர் தூக்கிலிட்டார். தமக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தின் எல்லைக்குள்ளேயே அதைச் செய்ததாக அவர் கருதினார். ஆஸ்டினின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அங்கே குறையேதும் தென்படாது. இறைமையின் பிரதிநிதி ஆணையிட்டார், ஆணை மீறப்பட்டது, தண்டனை விழுந்தது. ஆயினும் செய்தி கல்கத்தாவை எட்டியபோது, கிளர்ச்சியை ஈவிரக்கமின்றி அடக்கிக்கொண்டிருந்த அதே அரசு திடுக்கிட்டு, தப்பியோடிய குற்றத்துக்கு இனி உயிர்த்தண்டனை கூடாது என்று அவரைத் தடுத்தது. பட்டினியால் திரும்பி வந்தவனைக் கொல்வதை எந்த அதிகாரமும் நியாயமாக்கிவிடாது என்ற உணர்வு, அதிகாரத்தின் உள்ளேயிருந்தே எழுந்தது. இயற்கைச் சட்டம் என்ற சொல்லை அங்கே எவரும் உச்சரிக்கவில்லை. எனினும் கல்கத்தாவின் தடை அந்தச் சொல்லின் பொருளையே செயலில் காட்டியது.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நிலைமை வேறாக இருந்தது. 1872 பிப்ரவரி 8ஆம் நாள் மாலை, ஹாரியட் மலையடிவாரத்து ஹோப்டவுன் படகுத்துறையில், வைசிராய் மேயோ பிரபுவை ஷேர் அலி என்ற கைதி கத்தியால் குத்திக் கொன்றார். பேரரசின் தலைமகனைக் கொன்றவருக்கும்கூட விசாரணை நடத்தப்பட்டது. தீர்ப்பு கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் ஒப்புதல் பெற்ற பின்னரே மார்ச் 11ஆம் நாள் வைப்பர் தீவில் தூக்கு நிறைவேற்றப்பட்டது. யார் தூண்டினார்கள் என்று கேட்கப்பட்டபோது, கடவுளின் ஆணை என்றே ஷேர் அலி சொன்னார். அப்போது வைசிராயின் அவையில் சட்ட உறுப்பினராக இருந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். சட்டத்தின் அடியில் இருப்பது வன்மையே என்று வெளிப்படையாக எழுதிய பெந்தம் வழியினர். அவருடைய நண்பரைக் கொன்றவன், மண்ணுலக இறைமைக்கு மேல் இன்னோர் இறைமையைச் சாட்சிக்கு அழைத்தான். மேலான சட்டம் என்ற பேச்சு கொலைவாளுக்கும் உறையாகலாம் என்ற நேர்க்காட்சிவாதிகளின் அச்சம் வெறுங்கற்பனையன்று என்பதை இந்நிகழ்ச்சியை நினைவில் வைத்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

குடியேற்றத்தின் பிற்கால வரலாற்றில், 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையும், 1933இல் அங்கு நடந்த உண்ணாநோன்பில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் உயிரிழந்ததும், 1937இல் மீண்டும் எழுந்த போராட்டத்துக்குப் பிறகு அரசியல் கைதிகள் தாயகம் அனுப்பப்பட்டதும் தமிழில் பலரால் எழுதப்பட்டுள்ளன. அதிகம் எழுதப்படாதது, சிறைச்சுவருக்கு வெளியே வாழ்ந்த மக்களின் சட்டம்.

1906 முதல் 1908 வரை அந்தமானில் கள ஆய்வு செய்த இளம் மானிடவியலாளர் ஏ. ஆர். ராட்கிளிஃப்-பிரவுன், அங்கே அரசோ ஆணையிடும் தலைவனோ இல்லை என்பதைப் பதிவு செய்தார். முதியோருக்கு மதிப்பு உண்டு. ஆனால் கட்டாயப்படுத்தும் அதிகாரம் எவருக்கும் இல்லை. சினங்கொண்டவன் கையில் கிடைத்ததை உடைத்தெறிந்தால், சுற்றியிருப்போர் அவனைத் தண்டிப்பதில்லை. பெண்களும் அஞ்சியோரும் காட்டுக்குள் ஒதுங்கி, அவன் தணியும்வரை காத்திருப்பர். களவுக்கோ கொலைக்கோ சமூகம் கூடித் தண்டனை விதிக்கும் வழக்கத்தை அவர் காணவில்லை. பாதிக்கப்பட்டவனே தன் வழியில் பழிதீர்ப்பான், அல்லது பொறுத்துப்போவான்.

எனினும் பகை நீளாமல் முடித்துவைக்கும் முறையொன்று வட அந்தமானில் இருந்தது. சமரசம் செய்துகொள்ள விரும்பும் இரு குழுக்களுள் ஒன்றன் ஆடவர், கட்டித் தொங்கவிட்ட பிரம்பில் ஓலைக் கீற்றுகள் அசையும் வரிசையை ஒட்டி அசையாமல் நிற்க, மற்றக் குழுவினர் மிரட்டும் அசைவுகளுடன் ஆடிவந்து, நிற்போர் ஒவ்வொருவரையும் பிடித்து வன்மையாகக் குலுக்குவர். நிற்பவன் முகத்தில் அச்சம் காட்டலாகாது. ஆடவர் குலுக்கி முடித்ததும் பெண்கள் முன்வந்து தம் பங்குக்கு அவர்களைக் குலுக்குவர். அதன்பின் இரு தரப்பினரும் அமர்ந்து சேர்ந்தழுது, வில்லையும் அம்பையும் மாற்றிக்கொள்வர். சினத்தை வெளிப்படுத்தும் உரிமையும், அதைத் தாங்கிக்கொள்ளும் கடமையும், அழுகையில் முடியும் மன்னிப்பும் இவ்வளவு துல்லியமாக வரிசைப்படுத்தப்பட்ட ஒரு நடைமுறையைச் சட்டம் என்று அழைக்கக் கூடாதா என்ற கேள்வி இயல்பாக எழும்.

ராட்கிளிஃப்-பிரவுனின் விடை, கூடாது என்பதே. ஆதிச் சமூகங்களின் சட்டத்தைப் பற்றி 1933இல் ஒரு கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய கட்டுரையில், அரசியல் அமைப்புடைய சமூகம் ஒன்று தன் வன்மையை முறையாகப் பயன்படுத்தி நிலைநாட்டும் கட்டுப்பாட்டையே சட்டம் என அவர் கொண்டார். அப்படிக் கொண்டதால், மிக எளிய சமூகங்கள் சிலவற்றுக்கு வழக்கம் உண்டு, சட்டம் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். டிரோப்ரியாண்ட் தீவுகளில் வாழ்ந்து ஆராய்ந்த மலினோவ்ஸ்கி 1926இலேயே இதற்கு எதிரான நிலையை எடுத்திருந்தார். மீன் கொண்டுவருபவனும் கிழங்கு கொடுப்பவனும் ஒருவரையொருவர் சார்ந்திருக்கும் கடப்பாடுகளின் பின்னலே மக்களைக் கட்டுப்படுத்துகிறது என்றும், காவலனும் சிறையும் இல்லை என்பதால் சட்டமும் இல்லை என்று முடிவு கட்டுவது தவறென்றும் அவர் வாதிட்டார். இவ்விருவருள் மலினோவ்ஸ்கியே உண்மைக்கு அருகில் நிற்கிறார் என்று கருத இடமுண்டு. ராட்கிளிஃப்-பிரவுன் கண்ட அந்தமானியர், 1877இன் தட்டம்மையாலும் குடியேற்றத்திலிருந்து பரவிய மேகநோயாலும் அழிந்து, 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேராகச் சுருங்கிவிட்டிருந்தவர்கள். குழுக்கள் கலைந்து, பெரியோர் மடிந்து, காலனிய அரசு நடத்திய 'அந்தமான் இல்லங்களில்' உணவுக்குக் கையேந்திய மக்களிடம் தண்டிக்கும் அமைப்பு எதுவும் தென்படாததை, அப்படியொன்று என்றுமே இருந்ததில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்வது நியாயமாகாது.

ஆஸ்டினின் வரையறை இந்தியாவுக்குப் பொருந்தாது என்பதை ஹென்றி மெய்ன் இதற்கு முன்பே கண்டிருந்தார். 1862 முதல் 1869 வரை வைசிராயின் அவையில் சட்ட உறுப்பினராகப் பணியாற்றிய அவர், பஞ்சாபின் ரஞ்சித் சிங்கை எடுத்துக்காட்டாக்கி, அளவற்ற வன்மையுடன் ஆண்ட அம்மன்னர் ஆஸ்டின் கருதும் பொருளில் ஒரு சட்டமும் இயற்றியதில்லை என்பதையும், அவருடைய குடிகளின் வாழ்வை ஒழுங்குபடுத்தியவை தொன்றுதொட்ட வழக்கங்களும் அவற்றை நடத்திவைத்த ஊரவைகளுமே என்பதையும் 1875இல் வெளியான விரிவுரைகளில் எடுத்துரைத்தார். மன்னனே இல்லாத கார் நிக்கோபாரை அவர் அறிந்திருந்தால், தம் வாதத்துக்கு அதைவிட வலுவான சான்றைத் தேடியிருக்க வேண்டியதில்லை.

டென்மார்க் உரிமையைக் கைவிட்ட பிறகு 1869இல் பிரிட்டன் நிக்கோபார்த் தீவுகளைத் தனதாக்கிக்கொண்டது. அத்தீவுக் கூட்டத்தின் வடமுனையில், தென்னை அடர்ந்த தட்டையான நிலமாகக் கிடக்கும் கார் நிக்கோபாரில் வாழ்வின் அலகு துஹெத் எனப்படும் பெருங்குடும்பம். நிலமும் தென்னந்தோப்பும் பன்றிகளும் துஹெத்தின் பொதுவுடைமை. உறுப்பினர் அவற்றைப் பயன்படுத்தலாம், தம் விருப்பப்படி விற்றுவிட முடியாது. பங்கீட்டையும் உழைப்பையும் மூத்தோர் வகுப்பர். ஒவ்வோர் ஊருக்கும் கடற்கரையில் எல்பானம் என்ற பொதுவெளி இருந்தது. பிறப்புக்கென ஒரு வீடு, இறப்புக்கென ஒரு வீடு, இடுகாடு, ஊர் கூடும் மண்டபம் ஆகியவை அங்கேயே அமைந்திருந்தன. மனிதர் பிறப்பதும் இறப்பதும் தனிவீட்டின் நிகழ்ச்சியாக இராமல் ஊரின் நிகழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. வணிகக் கப்பல்களோடு வைத்த கடன் தேங்காய்க் கணக்கில் பேசப்பட்டது. மூங்கில் பட்டையில் வெட்டிய கீறல்களே அதற்குப் பத்திரம்.

ஆணையிடும் ஒருவர் இல்லாத இடத்தில் ஆட்சி நடத்த முடியாமல் திகைத்த பிரிட்டிஷ் நிர்வாகம், அப்படி ஒருவரை உருவாக்கிக்கொண்டது. ஒவ்வோர் ஊரின் தலைவருக்கும் ஒரு சான்றிதழும் கொடியும் உடையும் பதிவேடும் கொடுத்து, கப்பல் வரும்போது கொடியேற்றவும், வந்தோரிடம் அப்பதிவேட்டில் எழுத்து வாங்கவும் பணித்தது. கேப்டன் என்ற பட்டம் இன்றும் நிக்கோபாரில் ஊர்த்தலைவரைக் குறிக்கிறது. சட்டம் இருக்க வேண்டுமெனில் இறைமை இருக்க வேண்டும் என்ற கொள்கை, இல்லாத இறைமையைத் தைத்து உடுத்திய விதத்துக்கு இதைவிடத் தெளிவான காட்சி அரிது.

இந்த ஏற்பாட்டின் நடுவே ஒரு தமிழர் வந்து சேர்ந்தார். சென்னை மாகாணத்தைச் சேர்ந்த வேதப்பன் சாலமன், ஆங்கிலிகன் சபையின் உபதேசியாராக, 1890களின் நடுப்பகுதியில் கார் நிக்கோபாரின் மூஸ் என்ற ஊரில் குடியேறி, 1909இல் இறக்கும்வரை அத்தீவுடனேயே தம் வாழ்வைப் பிணைத்துக்கொண்டார். பள்ளி நடத்துவது, நோய்க்கு மருந்து கொடுப்பது, வானிலை குறிப்பது, வரும் கப்பல்களைக் கவனிப்பது, அரசின் முகவராக வழக்குகளைக் கேட்பது என எல்லாமும் அவர் கையில் இருந்தன. அவர் எழுதிவந்த நாட்குறிப்புகளிலிருந்து 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அறிக்கையில் தலைமை ஆணையர் ரிச்சர்ட் டெம்பிள் பகுதிகளை எடுத்தாண்டிருப்பதால், கார் நிக்கோபாரியரின் வழக்கங்களைப் பற்றி உலகம் அறிந்தவற்றுள் கணிசமான பகுதி ஒரு தமிழ் உபதேசியாரின் கண்கள் வழியே வந்தது எனலாம்.

அவர் எதிர்கொண்ட வழக்கங்களுள் மிகக் கொடியதை ஆங்கில அதிகாரிகள் 'பேய்க் கொலை' என்று குறித்தனர். ஊருக்குத் தீங்கு விளைவிப்பவர் என்று கருதப்பட்டவர், அதாவது சூனியக்காரர், தீய ஆவி பிடித்தவர், கொலையோ களவோ செய்து திருந்தாதவர், திடீரென ஒருநாள் ஊராரால் சூழப்பட்டு, எதிர்க்க முடியாதபடி கைகால்கள் முறிக்கப்பட்டு, கழுத்து நெரிக்கப்பட்டு, கடலில் ஆழ்த்தப்படுவார். ஒருவனின் பகைமையால் நடக்கும் கொலையன்று அது. ஊரின் இசைவோடு, ஒரு சடங்கின் ஒழுங்கோடு, பலர் கை சேர்ந்து நிறைவேற்றும் செயல். சிறு பிள்ளைகூடப் பேய் பிடித்ததென்று இவ்வாறு கொல்லப்பட்டதுண்டு.

மாற்றுக் கொள்கைகளைப் போற்றுவோர் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடலாகாது. வரலாற்று நெறியின் பார்வையில், நீண்டகால வழக்கமும் ஊராரின் பொது ஒப்புதலும் முறைப்படுத்தப்பட்ட செயல்முறையும் கொண்ட இது சட்டத்தின் எல்லா அடையாளங்களையும் பெற்றிருக்கிறது. வாழும் சட்டக் கொள்கைக்கும் இதை விலக்கி வைக்க வழியில்லை. 1862 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பார்வையில் இது கொலை. அச்சட்டத்தின் பெயரையே கேட்டிராத மக்கள்மீது அது எந்த வழியில் கட்டுப்பாடு பெறும் என்ற கேள்விக்கு, வெற்றிகொண்டவனின் ஆணை என்பதைத் தவிர நேர்க்காட்சிவாதத்திடம் மறுமொழி இல்லை. இயற்கைச் சட்டம் மட்டுமே நேரான காரணத்தைச் சொல்கிறது: கைகால் முறிந்து கிடக்கும் அந்த மனிதருக்கு மறுமொழி சொல்லும் வாய்ப்பு கொடுக்கப்படவில்லை, அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் எவராலும் மெய்ப்பிக்கவோ மறுக்கவோ இயலாதது, பிள்ளையோ குற்றமே அறியாதது. வழக்கம் எவ்வளவு பழமையானதாயினும் இவற்றை ஈடுசெய்யாது. ஆகவே வழக்கத்தைச் சட்டமென ஏற்போர், அதை அளக்கும் அளவுகோல் ஒன்றையும் கூடவே ஏற்க வேண்டியிருக்கிறது. வரலாற்று நெறி இயற்கைச் சட்டத்தின் துணையின்றித் தனித்து நடக்க முடியாத இடம் இது.

சாலமன் ஒரே வேளையில் அரசின் முகவராகவும் இறைவனின் சட்டத்தை நம்பியவராகவும் இருந்தார். அந்த வழக்கத்தை ஒடுக்க நிர்வாகம் முயன்றது உண்மை. ஆயினும் அது தீவிலிருந்து மறைந்தது, தண்டனைக்கு அஞ்சியதால் என்பதைவிட, சாலமனிடம் படித்த பிள்ளைகள் வளர்ந்து ஊரை வழிநடத்தியதால் எனக் கொள்வதே பொருத்தம். அவர்களுள் ஒருவர் மூஸ் ஊரைச் சேர்ந்த ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவில் கல்வி பெற்றுத் திரும்பி ஆசிரியராகவும் குருவாகவும் பின்னர்ப் பேராயராகவும் விளங்கி, புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் பெயர்த்து, சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவையில் அந்தமான் நிக்கோபாரின் உறுப்பினராக நியமிக்கப்பட்டவர் அவர். துஹெத்தையும் எல்பானத்தையும் மூத்தோர் அவையையும் விட்டுவிடாமல், பேய்க் கொலையை மட்டும் கைவிட்ட கார் நிக்கோபாரியரின் தேர்வு, ஒரு மக்கள் தம் சட்டத்தைத் தாமே அறத்தின் முன் நிறுத்தி விசாரிக்க வல்லவர்கள் என்பதற்குச் சான்று. இவ்வரலாற்றில் மனத்தை மிகவும் நிறைக்கும் பகுதியும் இதுவே.

அதே தீவு நாற்பதாண்டுக்குள் இதனினும் கொடிய சட்டமொன்றைக் கண்டது. 1942இல் தீவுகளைக் கைப்பற்றிய ஜப்பானியப் படை, கார் நிக்கோபாரில் கட்டாய உழைப்பைக் கொண்டு விமானத்தளம் அமைத்தது. 1945 ஜூலையில் பிரிட்டிஷ் கடற்படை தீவைக் குண்டுவீசித் தாக்கியபோது, எதிரிக்கு ஒளிக்குறி காட்டிய ஒற்றர்கள் என்ற ஐயத்தில் நிக்கோபாரியர் பலர் பிடிக்கப்பட்டு, சித்திரவதையால் ஒப்புதல் வாங்கப்பட்டு, முறையான விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். விசாரணையின்போதே அடிபட்டு இறந்தோரும் உண்டு. ரிச்சர்ட்சனின் குடும்பமும் தப்பவில்லை. வடக்கே போர்ட் பிளேரில் மருத்துவர் திவான் சிங் 1944 ஜனவரியில் செல்லுலார் சிறையில் சித்திரவதைக்குப் பலியானதும், அதே மாதம் 30ஆம் நாள் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் ஒற்றர்களென்று சுட்டுக் கொல்லப்பட்டதும் இதே முறையின் முந்தைய அத்தியாயங்கள்.

கார் நிக்கோபார்க் கொலைகளுக்கான வழக்கு 1946 மார்ச்சில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றத்தில் நடந்தது. தீவின் படைத்தலைவர் மேஜர் ஜெனரல் இட்சுகி தோஷியோவும் அவருக்குக் கீழ்ப்பணியாற்றிய பதினைவரும் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். ஒற்றருக்கு மரணம் விதிப்பது போர்க்காலச் சட்டம், விசாரணையைச் சுருக்கமாக முடிக்க மேலிடம் இசைந்தது, கீழுள்ளோர் ஆணைக்குப் பணிந்தனர் என்பவை எதிர்வாதத்தின் சாரம். தண்டனை பெற்றோருள் ஒருவர் கிமுரா ஹிசாவோ. கியோத்தோ பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து, ஆங்கிலம் அறிந்ததால் மொழிபெயர்ப்பாளராகவும் விசாரணையாளராகவும் பயன்படுத்தப்பட்ட கீழ்நிலைப் படைவீரர். 1946 மே 23ஆம் நாள் சாங்கிச் சிறையில் தூக்கிலிடப்படுவதற்கு முன், கைக்குக் கிடைத்த ஒரு மெய்யியல் நூலின் பக்க ஓரங்களில் அவர் எழுதிவைத்த இறுதிக் குறிப்புகள், போருக்குப் பிந்தைய ஜப்பானில் மிகுதியாகப் படிக்கப்பட்டவை. ஆணையிட்ட மேலதிகாரிகள் பொறுப்பைத் தட்டிக்கழித்ததை எண்ணிக் கசந்து எழுதிய அந்த இளைஞரின் துயரம் உண்மையானது; அவர் கையால் அடிபட்டு இறந்த நிக்கோபாரியருக்கோ, தம் துயரை எழுதிவைக்க ஒரு பக்க ஓரமும் வாய்க்கவில்லை.

இதே 1946இல்தான் ஜெர்மானியச் சட்ட அறிஞர் குஸ்தாவ் ராட்புருக், சட்டம் நீதியோடு தாங்கவொண்ணாத அளவுக்கு முரண்படும்போது அது நீதிக்கு வழிவிட வேண்டும் என்ற தம் புகழ்பெற்ற சூத்திரத்தை வெளியிட்டார். 1958இல் எச். எல். ஏ. ஹார்ட், தீய சட்டமும் சட்டமே, ஆனால் அதற்குப் பணிய மறுப்பது அறம் என்று பிரித்துச் சொல்வதே நேர்மை என வாதிட, லான் ஃபுல்லர் அவரை மறுத்து, முன்கூட்டி அறிவித்தல், பின்தேதியிட்டுத் தண்டிக்காமை, சொன்னபடி நடத்தல் போன்ற உள்ளறம் இல்லாத விதித்தொகுதி சட்டமென்ற பெயருக்கே உரியதன்று என்றார். கார் நிக்கோபார் வழக்கு ஃபுல்லரின் பக்கமே சாய்கிறது. சித்திரவதையால் பெற்ற சொல்லை வைத்துச் சில நாட்களில் முடிக்கப்பட்ட விசாரணையைக் கெட்ட சட்டம் என்பதைவிட, சட்டத்தின் வேடம் என்பதே சரி.

சுதந்திரத்துக்குப் பிறகும் இத்தீவுகள் ஆணையால் ஆளப்படும் நிலமாகவே நீடித்தன. சட்டமன்றம் இல்லாத இவ்வொன்றியப் பகுதிக்குக் குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் ஒழுங்குவிதி நாடாளுமன்றச் சட்டத்துக்கு இணையானது. பழங்குடியினரின் நிலங்களை ஒதுக்கீடு செய்து வெளியார் நுழைவதையும் நிலம் பெறுவதையும் தடுக்கும் 1956ஆம் ஆண்டு ஒழுங்குவிதி அவ்வாறு வந்ததே. அதே வேளையில் அரசியலமைப்பின் 13ஆம் பிரிவு, சட்டம் என்ற சொல்லுக்குள் சட்டவலிமை பெற்ற வழக்கத்தையும் சேர்த்திருக்கிறது. அதன் வேர் தமிழகத்திலும் உண்டு. இராமநாதபுரம் ஜமீன் தத்தெடுப்பு வழக்கில் 1868இல் தீர்ப்பளித்த லண்டன் பிரிவி கவுன்சில், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் நூல்களில் எழுதப்பட்ட விதியையும் விஞ்சும் என்று ஏற்றுக்கொண்டது. நிலமும் மரபும் உடைய சேதுபதிகளுக்குக் கிடைத்த அந்த ஏற்பு, துஹெத்துக்குக் கிடைக்க நெடுங்காலமாயிற்று. நிக்கோபாரின் பழங்குடி அவைகளை முறைப்படி ஏற்ற ஒழுங்குவிதி 2009இல்தான் வந்தது.

அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களை அழித்தபோது, எழுதப்பட்ட விதிக்கும் வாழும் சட்டத்துக்கும் இடையிலுள்ள பிளவு அப்பட்டமாகத் தெரிந்தது. இழப்பீடு பெறுவோரின் பட்டியல் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற தனிக்குடும்பக் கணக்கில் தயாரானது. நிவாரண வீடுகளும் அதே கணக்கில் எழுந்தன. பொதுத்தோப்பு மொத்தத்தையும் இழந்த துஹெத்துக்கு அப்பட்டியலில் இடமில்லை. பணம் நல்லெண்ணத்தோடுதான் வந்தது. ஆனால் மூத்தோர் பங்கிட வேண்டியதை வங்கிக் கணக்குகள் பங்கிட்டன. ஒரே அடுப்பைச் சுற்றி வாழ்ந்தோர் தனித்தனிப் பயனாளிகளாயினர். பேரலை விட்டுவைத்த உறவுமுறையை நிவாரணப் படிவம் அசைத்துப் பார்த்தது.

அந்தமான் காட்டில் வாழும் பழங்குடியினரான ஜாரவாக்களின் வழக்கு இதனினும் கடினமானது. 1997இன் பிற்பகுதியில் காட்டைவிட்டு அஞ்சாமல் வெளிவரத் தொடங்கிய அம்மக்களைப் பற்றி, கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கின் விளைவாக, 2004 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட கொள்கை, அவர்களுடைய வாழ்வில் தலையீட்டை இயன்ற அளவு குறைத்து, தம் வழியைத் தாமே தேர்ந்துகொள்ள விடுவதை அடிப்படையாகக் கொண்டது. ஆனால், வெளியார் ஒருவருக்குப் பிறந்ததாகக் கருதப்பட்ட ஒரு பச்சிளங்குழந்தை 2015இன் இறுதியில் கொல்லப்பட்டதாகவும், ஜாரவா ஆடவர் ஒருவரே அதைச் செய்ததாகவும் 2016இல் செய்திகள் வெளிவந்தபோது, அக்கொள்கைக்கும் கொலைச் சட்டத்துக்கும் இடையே நிர்வாகம் திணறியது. கைது செய்யப்பட்டவர்கள் வெளியார் இருவரே. அவர்களுள் ஒருவர்மீது வன்புணர்ச்சிக் குற்றமும் சாட்டப்பட்டது. காட்டுக்குள் சாலை போட்டு, அதன் வழியே மதுவையும் சுரண்டலையும் அனுப்பிய சமூகம், அவற்றின் விளைவாகப் பிறந்த குழந்தையின் சாவுக்கு ஜாரவாவை மட்டும் பொறுப்பாக்க முடியாது என்பது சரியே. ஆயினும் அக்குழந்தைக்கும் உயிர் வாழும் உரிமை உண்டு என்பதை எந்தக் கொள்கையும் அழித்துவிட முடியாது. சாலமன் காலத்துக் கார் நிக்கோபாரில் எழுந்த அதே கேள்வி, நூறாண்டு கழித்து அந்தமான் காட்டில் விடையின்றி நின்றது. ஜாரவாக்களின் காட்டின் ஊடே செல்லும் அந்தமான் பெருஞ்சாலைப் பகுதியை மூட 2002 மே 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் இட்ட ஆணை பல ஆண்டுகள் நிறைவேறாமல் கிடந்ததையும் இங்கே எண்ண வேண்டும். ஆணையே சட்டமெனில், ஆணையிட்ட அரசு தன் நீதிமன்றத்தின் ஆணையை மதிக்காததற்கு ஆஸ்டினின் நூலில் பெயர் இல்லை.

இன்று இக்கேள்வி கிரேட் நிக்கோபாரில் மீண்டும் உயிர்பெற்றிருக்கிறது. துறைமுகமும் விமானநிலையமும் நகரமும் மின்நிலையமும் அடங்கிய பெருந்திட்டத்துக்கு, லிட்டில் நிக்கோபார், கிரேட் நிக்கோபார் பழங்குடி அவை 2022 ஆகஸ்டில் தடையில்லாச் சான்று வழங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டைப் பயன்படுத்த முதற்கட்ட வன அனுமதி கிடைத்தது. ஏட்டின்படி எல்லாம் நிறைவேறிவிட்டன. ஆனால் நவம்பரில் அவ்வவை தன் சான்றைத் திரும்பப் பெற்றது. சுனாமிக்கு முன் தாங்கள் வாழ்ந்த ஊர்களும் அத்திட்டத்துக்குள் அடங்குவது முழுமையாகத் தெரிவிக்கப்படவில்லை என்று அவர்கள் எழுதினர். 2004க்குப் பிறகு கேம்ப்பெல் பே அருகே குடியமர்த்தப்பட்ட அம்மக்கள், அந்தப் பழைய ஊர்களுக்குத் திரும்ப அனுமதிக்குமாறு நெடுநாளாகக் கேட்டு வருபவர்கள். ஒருமுறை கையெழுத்திட்ட தாளுக்கே வலிமையா, அல்லது உண்மையறிந்து கொடுக்கும் இசைவுக்கே வலிமையா என்பதைக் கல்கத்தா உயர்நீதிமன்றம் முதலான மன்றங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. திரும்பப் பெற்ற கடிதமோ ஊர்களின் பெயர்களையே தன் சான்றாக வைக்கிறது.